நிரைகள் திரட்டாகும் விதம்

புரோகிராம் எழுதிப் பழகும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர் இருக்கிறார்கள். பொறியியல் மாணவர்கள் மட்டும் அல்லர். பொருளாதாரமும் புள்ளியியலும் படிப்போர், ஏன், வரலாறு படிப்போரும்கூடத் தரவுத்தளத்தைத் தொடாமல் ஓர் ஆய்வை முடிப்பது அரிதாகிவிட்டது. இவர்களில் பெரும்பாலோர் ஒரு சிறு வரியை அடிக்கடி எழுதுகிறார்கள். அட்டவணையில் உள்ள நிரைகளை, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு திரட்டாக ஆக்கிக் கொடு என்று கேட்கும் வரி அது. சி ஷார்ப் மொழியில் அதற்கு 'ஆஸ் எனுமரபிள்' என்று பெயர். பைத்தான் மொழியில் அது 'ஃபார்' என்ற சொல்லுக்குள் மறைந்து நிற்கிறது. ஜாவாவிலோ 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று ஒவ்வொரு நிரைக்கும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். வடிவம் எதுவானாலும் செயல் ஒன்றே.

அந்த ஒரு வரியைத் தாண்டும்போது ஒரு நிரைக்கு என்ன நேர்கிறது? இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். பார்வைக்கு நிரை மாறுவதில்லை. பெயர் அதே பெயர், எண் அதே எண். ஆனால் அந்த வரிக்கு அப்பால் தரவுத்தளம் காத்துவந்த சில ஒழுங்குகள், இப்பால் நம் பொறுப்பில் வந்து விழுகின்றன. அதை அறியாமல் எழுதிய ஒரு புரோகிராமால், உரிய பணம் உரியவர் கைக்குப் போகாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதைப் பின்னே சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக் கணிதத்தில் அணிகளைப் படித்தபோது, குறுக்கே செல்வதை நிரை என்றும் மேலிருந்து கீழே இறங்குவதை நிரல் என்றும் கற்றோம். இப்போது கணினித் தமிழில் புரோகிராமையும் நிரல் என்கிறார்கள். நிரலில் உள்ள நிரலை நிரல் எழுதி எடுத்தான் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? ஆகவே இங்கே நிரை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகச் செல்வதைப் பத்தி என்றே எழுதுகிறேன். நிரை என்பதை விட மனம் வரவில்லை. பழந்தமிழில் அது பசுக்கூட்டத்தைக் குறிக்கும். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி, அதை மீட்டுச் செல்வது கரந்தை. தரவுத்தளத்திலிருந்து நிரைகளை ஓட்டி வரும் நம் தொழிலுக்கும் அச்சொல் பொருந்தத்தான் செய்கிறது. ஒன்றே வேறுபாடு. நாம் ஓட்டி வந்த பிறகும் தொழுவத்தில் பசுக்கள் குறையாமல் நிற்கும். நம் கைக்கு வருபவை அவற்றின் நகல்கள்.

அட்டவணை என்பதைத் தரவுத்தளத்திற்கு அடிப்படையாக்கியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் தொடக்கம். அதற்கு முன் ஒரு செய்தியைத் தேடுவோர், அது எந்த ஏட்டிலிருந்து எந்த ஏட்டிற்கு, எந்த வழியாகச் செல்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். வழி மாறினால் புரோகிராமும் பழுதாகும். காட் சொன்னது எளிது: பயன்படுத்துவோனுக்கு வழி தெரிய வேண்டாம், உள்ளே எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டாம். கணிதத்தில் கணம் என்கிறோமே, அதுபோல அட்டவணையை நிரைகளின் கணமாகக் கொள்க. எனக்கு இன்ன தன்மையுடைய நிரைகள் வேண்டும் என்று கேட்க, அமைப்பே தேடித் தரட்டும். இக்கருத்தைப் பின்பற்றி 1974இல் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட கேள்வி மொழியே நாளடைவில் எஸ்.கியூ.எல். ஆயிற்று. காட் 1981இல் டூரிங் பரிசு பெற்றார்.

கணத்திற்கு முதல் உறுப்பு என்று ஒன்று கிடையாது. கடைசி உறுப்பும் கிடையாது. எல்லாம் ஒருங்கே இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராம் எழுதுவோனின் உலகம் இதற்கு நேர்மாறானது. அவனுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் கையில் இருக்க முடியும். நம் பொங்கல் விழாப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாம்பார் வாளியோடு செல்பவர் பந்தியில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு புறப்படுவதில்லை. அவருக்குத் தேவையான கேள்விகள் இரண்டே. அடுத்த இலை உண்டா? இந்த இலையில் இருப்பவர் யார்? முதற் கேள்விக்கு இல்லை என்ற விடை வந்ததும் வாளியோடு திரும்பிவிடுவார். இந்த இரு கேள்விகளுக்கும் விடை சொல்ல வல்லது எதுவோ அதுவே எனுமரபிள். சி ஷார்ப் மொழியில் முதற் கேள்விக்கு 'மூவ் நெக்ஸ்ட்' என்றும் இரண்டாவதற்கு 'கரண்ட்' என்றும் பெயர். எண்ணத்தக்கது என்று அகராதிப்படி மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இதில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க முடிந்தால் போதும்.

இவ்வாறு ஒவ்வொன்றாக வழங்கும் முறையை மொழியின் ஓர் உறுப்பாகவே வகுத்தவர்களுள் முன்னோடி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பார்பரா லிஸ்கோவ் அம்மையார். 1970களில் அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய குளூ என்னும் மொழியில் 'யீல்ட்' என்ற கட்டளை இருந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டு அப்படியே நிற்கும். அடுத்தது கேட்கும்போது நின்ற இடத்திலிருந்து தொடரும். பைத்தான் இதை 2001இலும் சி ஷார்ப் 2005இலும் எடுத்துக்கொண்டன. லிஸ்கோவ் 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசைப் பெற்றார். தரவுத்தளத்தைப் பற்றிய பேச்சில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. இது எனக்குச் சற்று வியப்பே. நிரைகளைத் திரட்டாகப் பார்க்கும் பழக்கத்தில் பாதி அவர் வீட்டுச் சொத்து.

இனி ஒரு குறிப்பிட்ட எடுத்துக்காட்டிற்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட்நெட் அமைப்பு 2002இல் வெளிவந்தபோது, அதனுடன் 'டேட்டா டேபிள்' என்ற ஒன்றும் வந்தது. தரவுத்தளத்திலிருந்து வந்த அட்டவணையைக் கணினியின் நினைவகத்தில் அட்டவணை வடிவிலேயே வைத்துக்கொள்ள அது உதவும். அதன் நிரைகளை ஒவ்வொன்றாக எடுக்க அன்றே முடிந்தது. ஆனால் எடுத்துத் தரும் பொருள் இன்ன வகை என்ற முத்திரை அதன்மேல் இராது. முகவரிச் சீட்டு ஒட்டாத பார்சல் போல. பிரித்துப் பார்த்து, இது நிரைதான் என்று நாமே உறுதி சொல்ல வேண்டும். வகை முத்திரையோடு கூடிய திரட்டுகள் 2005இல் வந்தன. 2007இல் 'லிங்க்' என்னும் கேள்வி முறை சி ஷார்ப் மொழிக்குள்ளேயே வந்தது. வடிகட்டு, அடுக்கு, வகைப்படுத்து என்றெல்லாம் எந்தத் திரட்டையும் கேட்கலாம். ஆனால் முத்திரையுள்ள திரட்டைத்தான் அப்படிக் கேட்கலாம். பழைய டேட்டா டேபிளோ முத்திரை இல்லாதது. இந்த இடைவெளியை இணைக்கப் போட்ட பாலமே 'ஆஸ் எனுமரபிள்'.

இந்தப் பாலம் நிரைகளை நகல் எடுப்பதில்லை. பலரும் நகல் எடுப்பதாகவே எண்ணுகிறார்கள். தரவுத்தளத்திலிருந்து டேட்டா டேபிளுக்கு வரும்போது நகல் நேர்கிறது, உண்மை. டேட்டா டேபிளிலிருந்து திரட்டுக்கு வரும்போது நேர்வதில்லை. அதே நிரைகள்தாம், வேறு வாசல் வழியாகத் தெரிகின்றன. ஆகவே திரட்டில் ஒரு நிரையைத் திருத்தினால் டேட்டா டேபிளிலும் அது திருந்திவிடும். திரட்டைச் சுற்றி வரும்போதே டேட்டா டேபிளில் புதிய நிரை ஒன்றைச் சேர்த்தால், பந்தி நடுவே ஒருவர் இலை போட்டு உட்கார்ந்தது போல் ஆகும். பரிமாறுபவர் வாளியைக் கீழே வைத்துவிடுவார். அதாவது, திரட்டு நடுவில் மாறிவிட்டது என்று அறிவித்து ஓட்டம் நின்றுவிடும். இன்னொரு விந்தை. தரவுத்தளத்திலிருந்து வந்த நிரை ஒன்றை நீக்கு என்று சொன்னால், அது உடனே போய்விடுவதில்லை. நீக்கப்பட்டது என்ற குறியோடு அங்கேயே நிற்கும், மாற்றங்களை ஏற்கும் வரையில். ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும்போது அதுவும் வரும். வந்தபின் அதன் பெயரைக் கேட்டால், நீக்கப்பட்ட நிரையைப் படிக்க இயலாது என்று பிழை எழும். ஆகவே சுற்றி வரும்போது ஒவ்வொரு நிரையின் நிலையையும் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும்.

இது நிற்க. அட்டவணையிலிருந்து திரட்டுக்கு வரும்போது மாறும் பண்புகளைப் பார்ப்போம்.

முதலாவது வரிசை. கணத்திற்கு வரிசை இல்லை என்றேன். திரட்டிற்கோ வரிசை இல்லாமல் முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தானே வருகின்றன. அந்த வரிசையை யார் கொடுத்தார்? நாம் கேட்கவில்லையென்றால் யாரும் கொடுக்கவில்லை. அன்று தரவுத்தளத்திற்கு எப்படி எடுப்பது எளிதாக இருந்ததோ அப்படி வந்தது, அவ்வளவே. சிறிய அட்டவணையில் பதிந்த வரிசையிலேயே பல மாதங்கள் வந்துகொண்டிருக்கும். அதனால் அதுவே விதி என்று நம்பிவிடுவோம். பிறகு ஒரு நாள் யாரோ ஒரு பொருளடைவு சேர்ப்பார், அல்லது பழைய நிரைகள் சிலவற்றை நீக்குவார், வரிசை மாறிவிடும். சுற்றுலா வண்டியில் முதலில் பெயர் கொடுத்த நாற்பது பேருக்கு இடம் என்று அறிவித்துவிட்டு, வரிசை கேட்காத கேள்வியின் முதல் நாற்பது நிரைகளை எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. முதல் என்ற சொல்லைப் பயன்படுத்துமுன், எதனால் முதல் என்று கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது வெற்றிடம். இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கலாம். அதற்கு 'நல்' என்று பெயர். அது பூஜ்யம் அன்று, காலியான எழுத்துத் தொடரும் அன்று. தெரியாது என்பதே அதன் பொருள். எஸ்.கியூ.எல். இந்தத் தெரியாமையை நேர்மையாகவே நடத்துகிறது. வருமானம் ஒரு லட்சத்திற்குக் குறைவா என்று காலிக் கட்டத்தைக் கேட்டால், ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்று மூன்றாவது விடை ஒன்று சொல்லும். சராசரி கேட்டால் அக்கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு கணக்கிடும். இரு காலிக் கட்டங்கள் ஒன்றுக்கொன்று சமமா என்று கேட்டாலும் தெரியாது என்பதே விடை.

திரட்டின் பக்கம் வந்தால் நிலை வேறு. சி ஷார்ப் மொழியில் காலிக்குக் காலி சமம். விடுதி அறை எண் பதியப்படாத இரு மாணவர்கள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரே அறையில் தங்குவோர் யார் யார் என்று இருவர் இருவராக ஒப்பிட்டுப் பார்த்தால், எஸ்.கியூ.எல். இவர்களை இணைக்காது. திரட்டின் பக்கம் அதே ஒப்பீட்டை எழுதினால் இருவரும் அறைத்தோழர்கள் ஆகிவிடுவார்கள். ஒருவர் ஊரில் இருக்கலாம், மற்றவர் மாடியில் இருக்கலாம்!

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்வி நிலையத்தில், பெயர் வேண்டாம், ஏழை மாணவர்க்கான உதவித்தொகைக்கு நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானத்தைக் குறைவிலிருந்து மிகுதிக்கு அடுக்கி, மேலே உள்ள நாற்பது பெயர்கள். முறை நல்ல முறைதான். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி விண்ணப்பித்திருந்தாள். தந்தை கைத்தறி நெசவாளர், வருமானம் 72,000 ரூபாய். பட்டியலில் அவள் 47ஆம் இடத்தில் இருந்தாள். முறையீட்டுக் கடிதம் எழுத உதவும்போது பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே இருந்த பதினொரு பெயர்களுக்கு நேரே வருமானம் 0 என்று அச்சிட்டிருந்தது. பூஜ்ய வருமானத்தில் பதினொரு குடும்பங்களா? அவர்கள் சான்றிதழ் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்ததைப் பதியவில்லை. கட்டம் காலி. அந்தக் காலி வழியிலே எங்கோ பூஜ்யம் ஆகிவிட்டது. பதினொருவரையும் தனியே எடுத்துவிட்டால் அவளுக்கு 36ஆம் இடம்.

எங்கே பூஜ்யம் ஆயிற்று? அந்தப் புரோகிராமை நான் பார்க்கவில்லை. ஆனால் இத்தகைய மாற்றம் வழக்கமாக எங்கே நேர்கிறது என்பது தெரிந்ததே. டேட்டா டேபிளின் நிரையிலிருந்து ஒரு முழு எண்ணை எடு என்று கேட்கும்போது கட்டம் காலியாக இருந்தால், சி ஷார்ப் பிழை எழுப்பி நின்றுவிடும். 'ஃபீல்ட்' என்ற வழியாக முழு எண் என்றே கேட்டாலும் நின்றுவிடும். முழு எண் அல்லது காலி என்று வகையைச் சொல்லிக் கேட்டால் மட்டுமே காலியைக் காலியாகவே தரும். இரவு பதினொரு மணிக்குப் பிழைச் செய்தியைக் கண்டவர், காலியானால் பூஜ்யம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு உறங்கப் போவார். பிழை போய்விடும். பட்டியலும் வந்துவிடும். இயந்திரம் எழுப்பிய பிழைதான் அங்கே சரியான விடை என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

பூஜ்யம் ஆக்காமல் காலியைக் காலியாகவே வைத்திருந்தால் தப்பியிருக்கலாமா? அதுவும் இல்லை. சி ஷார்ப் திரட்டை ஏறுமுகமாக அடுக்கினால் காலிகள் எல்லாவற்றுக்கும் முன்னே வந்து நிற்கும். தரவுத்தளங்களிலும் இதில் ஒற்றுமை கிடையாது. போஸ்ட்கிரெஸ் காலிகளைக் கடைசியில் வைக்கும், எஸ்.கியூ.எல். சர்வர் முதலில் வைக்கும். ஆகவே அடுக்குவதற்கு முன்பே காலி நிரைகளைத் தனியே பிரித்து, அவற்றை ஒரு மனிதரிடம் கொடுத்து, இவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்வது ஒன்றே வழி. மேலே சொன்ன பட்டியலைத் திருத்தினார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பெண் விடுதிக் கட்டணத்திற்குக் கடன் வாங்கியிருந்தாள்.

மூன்றாவது, வேலை நடக்கும் இடம். நம் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளே சென்று நாமே எடுக்க முடியாத புத்தகக் கிடங்கு ஒன்று இருக்கிறதல்லவா? சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் வேண்டிய நூல்களை மட்டும் எடுத்து வருவார். கிடங்கில் உள்ள எல்லா நூல்களையும் வண்டி வண்டியாக மேசைக்கு வரவழைத்து, அவற்றிலிருந்து பத்தைப் பொறுக்கிக்கொள்வோர் உண்டா? புரோகிராமில் உண்டு. 10 லட்சம் நிரைகள் கொண்ட அட்டவணையில் நிரைக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டால் 20 கோடி பைட் ஆகிறது. அவ்வளவையும் கம்பி வழியே இழுத்து வந்து நினைவகத்தில் கொட்டி, பிறகு பத்து நிரைகளை வடிகட்டுகிறார்கள்.

இது சோம்பலால் நேர்வதில்லை. ஒரு சொல் நிற்கும் இடத்தால் நேர்கிறது. 'ஆஸ் எனுமரபிள்' என்ற அதே பெயர், தரவுத்தளத்தோடு நேரே பேசும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் என்னும் அமைப்பிலும் உண்டு. அங்கே அதன் வேலை எல்லைக்கல் நடுவது. அதற்கு முன் எழுதிய நிபந்தனைகள் எஸ்.கியூ.எல். ஆக மொழிபெயர்க்கப்பட்டுத் தரவுத்தளத்திலேயே நிறைவேறும். அதற்குப் பின் எழுதியவை நம் கணினியில் நிறைவேறும். வடிகட்டும் சொல்லை எல்லைக்கல்லுக்கு முன் வைத்தால் பத்து நிரைகள் வரும், பின் வைத்தால் பத்து லட்சம் வரும். விடை இரண்டிலும் ஒன்றே. அதனால்தான் இந்தத் தவறு சிறிய சோதனை அட்டவணையில் தலைகாட்டுவதே இல்லை.

ஒரு காலத்தில் இந்த எல்லைக்கல்லை அமைப்பே சொல்லாமல் நட்டுவிடும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்பதன் முதலிரண்டு பதிப்புகளில், எஸ்.கியூ.எல். ஆக மொழிபெயர்க்க இயலாத நிபந்தனை வந்தால், நிரைகளை இப்பக்கம் வரவழைத்து அது தானே வடிகட்டிக்கொள்ளும். எழுதியவருக்கு வசதிதான், அட்டவணை பெரிதாகும் வரை. 2019இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்க்க இயலாவிட்டால் பிழை எழுப்பி, எல்லைக்கல் வேண்டுமானால் நீயே நட்டுக்கொள் என்று சொல்லிவிடும். பலர் முணுமுணுத்தார்கள். பழைய புரோகிராம்கள் பல ஓட மறுத்தன. எனினும் நான் இதை வரவேற்கிறேன். எல்லை எங்கே என்பது எழுதியவர் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நண்பர் ஒருவர் விடுதிவாரியாக உறுப்பினர் பெயர்களை எடுக்க, முதலில் விடுதிகளின் திரட்டைப் பெற்று, ஒவ்வொரு விடுதிக்கும் மீண்டும் ஒரு முறை தரவுத்தளத்திற்குப் போய் வந்தார். பதினெட்டு விடுதிகளுக்குப் பத்தொன்பது பயணம். இரு அட்டவணைகளையும் அங்கேயே இணைத்துக் கேட்டால் ஒரே பயணத்தில் முடியும். திரட்டாக்கிவிட்டால் ஒவ்வொன்றாகச் சிந்திக்கும் பழக்கம் வந்துவிடுகிறது போலும்.

கடைசியாகக் காலத்தைப் பற்றி. லிங்க் முறையில் ஒரு கேள்வியை எழுதி ஒரு பெயரும் இட்டுவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அப்போது எதுவும் நடப்பதில்லை. சமையற்குறிப்பு எழுதியாயிற்று, அடுப்பு மூட்டவில்லை. யாரேனும் அடுத்த இலை உண்டா என்று கேட்கும்போதுதான் உலை வைக்கப்படும். இரண்டு முறை கேட்டால் இரண்டு முறை சமைக்கும். ஒரே கேள்வியை வைத்து முதலில் எத்தனை பேர் என்று எண்ணி, பிறகு பெயர்களை அச்சிட்டால், இரண்டுக்கும் இடையே ஒருவர் சந்தா கட்டியிருந்தால் கணக்கு ஒத்துவராது. தரவுத்தளத் தொடர்பை மூடிய பிறகு திரட்டைக் கேட்டால் அடுப்பும் இல்லை, சோறும் இல்லை. இதற்காகவே 'டு லிஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. இப்போதே சமைத்துப் பாத்திரத்தில் கொட்டு என்பது அதன் பொருள். பைத்தானின் எஸ்.கியூ.லைட் இணைப்பு இன்னும் கறாரானது. நிரைகளை ஒரு முறை எடுத்துத் தீர்த்துவிட்டால், அந்தச் சுட்டி இரண்டாம் முறை ஒன்றும் தராது. பிழையும் எழுப்பாது. காலியான பந்தியைப் போல் சும்மா இருக்கும். 'ஃபெட்ச் ஆல்' என்று கேட்டு முழுவதையும் ஒரு பட்டியலில் வாங்கி வைத்துக்கொண்டால், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். பட்டியல் பெரிதானால் நினைவகம் அதற்கு விலை கொடுக்கும்.

நம் மன்றத்தின் உறுப்பினர் பதிவேட்டை இந்த ஆண்டு தரவுத்தளத்திற்கு மாற்றியிருக்கிறோம். அதில் சந்தா பாக்கிப் பட்டியல் எடுக்கும் புரோகிராமை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பாக்கி உள்ளோரை வடிகட்டுவதும், துறைவாரியாக அடுக்குவதும் தரவுத்தளத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகே எல்லைக்கல். இப்பக்கம் நடப்பவை இரண்டே: ஒவ்வொருவருக்கும் தமிழில் கடிதம் அமைப்பது, சந்தாக் கட்டம் காலியாக உள்ளவர்களைத் தனித் தாளில் அச்சிடுவது. அந்தத் தனித் தாளில் இப்போது ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. செயலாளர் அதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். தம் பெயர் அதில் இருக்கிறதா என்று அன்பர்கள் வந்து பார்த்து, கட்டியிருந்தால் கட்டியதாகவும் கட்டாவிட்டால் கட்டவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போக வேண்டுகிறேன்.